கிரேஸ் ஹோப்பர்

கிரேஸ் புரூஸ்டர் முர்ரே ஹோப்பர் (டிசம்பர் 9, 1906 – ஜனவரி 1, 1992) ஓர் அமெரிக்கக் கணிதவியலாளரும் கணினி அறிவியலாளரும் கடற்படை அதிகாரியும் ஆவார். ஹார்வர்ட் மார்க் 1 கணினியின் முதல் நிரலாளர்களுள் இவர் ஒருவர். 1952 ஆம் ஆண்டளவில் இவர் உருவாக்கிய ஏ-0 என்னும் முறைமை, கணினி நிரல்களைத் தொகுக்கும் பணியைக் கணினியிடமே ஒப்படைத்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. இவரது குழு உருவாக்கிய புளோ-மேட்டிக் மொழி, பின்னர் உலகெங்கும் பரவிய கோபோல் மொழிக்கு அடித்தளமாக அமைந்தது.

ஒருமுறை எழுதிச் சரிபார்த்த நிரலை ஓரிடத்தில் சேமித்து வைப்பது, பெயர் அல்லது எண்ணைக் கூறி அதை வரவழைப்பது, பல நிரற்பகுதிகளைத் தானாக ஒன்றிணைத்து இயங்கச் செய்வது ஆகியன இன்று நிரலாளர் எவரும் நாள்தோறும் செய்யும் பணிகள். 1940களில் இவை அனைத்தும் கையால் செய்யப்பட்டன. அதனால் விளைந்த பிழைகளை நேரில் கண்டவர் ஹோப்பர். அப்பணிகளை மனிதரின் கையிலிருந்து கணினிக்கு மாற்றுவதே இவரது வாழ்நாள் முயற்சியாக இருந்தது எனலாம்.

இளமையும் கல்வியும்

கிரேஸ் முர்ரே நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை வால்ட்டர் பிளெட்சர் முர்ரே காப்பீட்டுத் தரகர். தாய் மேரி கேம்பல் வான் ஹோர்ன். மூன்று குழந்தைகளில் இவரே மூத்தவர். இவரது கொள்ளுத்தாத்தா அலெக்சாண்டர் வில்சன் ரசல் அமெரிக்கக் கடற்படையில் அட்மிரலாக இருந்தவர்.

பொருட்கள் எவ்வாறு இயங்குகின்றன என்று அறியும் ஆர்வம் இவருக்குச் சிறு வயதிலேயே இருந்தது. ஏழு வயதில், ஓர் எழுப்புமணிக் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அதைப் பிரித்தார். மீண்டும் பூட்டத் தெரியாததால் அடுத்த கடிகாரத்தைப் பிரித்தார். இவ்வாறு வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் பிரிக்கப்பட்ட பின்னரே தாய் இதைக் கண்டறிந்தார். அதன் பின் ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது.

16 ஆம் வயதில் வாசர் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது இலத்தீன் மொழியில் மதிப்பெண் குறைந்ததால் இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு சேர்ந்து, 1928 இல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930 இல் முதுகலைப் பட்டமும், 1934 இல் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். நோர்வே நாட்டுக் கணிதவியலாளர் ஓய்ஸ்டீன் ஓர் இவரது ஆய்வு நெறியாளர். 1931 முதல் வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த இவர், 1941 இல் இணைப் பேராசிரியரானார்.

1930 இல் வின்சென்ட் பாஸ்டர் ஹோப்பர் என்பவரை மணந்தார். இவர்கள் 1945 இல் மணமுறிவு பெற்றனர். அதன் பின் மறுமணம் செய்யாத கிரேஸ், ஹோப்பர் என்ற பெயரையே இறுதிவரை பயன்படுத்தினார்.

கடற்படையில் சேர்தல்

இரண்டாம் உலகப் போரில் ஐக்கிய அமெரிக்கா ஈடுபட்டபோது ஹோப்பர் கடற்படையில் சேர விரும்பினார். வயது கூடுதல், உடல் எடை குறைவு என இரு தடைகள் இருந்தன. குறைந்தபட்ச எடையாகிய 120 பவுண்டுக்கு இவர் 15 பவுண்டு குறைவாக இருந்தார். சிறப்பு விலக்கு பெற்று, கல்லூரியிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு, 1943 டிசம்பரில் கடற்படைச் சேமப் படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள சுமித் கல்லூரியில் நடந்த பயிற்சியில் முதலிடம் பெற்று, 1944 இல் இளநிலை லெப்டினன்ட் ஆனார். பின்னர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயங்கிய கடற்படைக் கப்பல் பணியகத்தின் கணக்கீட்டுத் திட்டத்திற்கு அனுப்பப்பட்டார்.

ஹார்வர்ட் மார்க் 1

அத்திட்டத்தின் தலைவர் ஹோவர்ட் ஐக்கன். அவர் வடிவமைத்து ஐபிஎம் நிறுவனம் கட்டிய மார்க் 1 கணினி 51 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்டது. 23 இலக்க எண்களைக் கையாண்டது. ஒரு நொடியில் மூன்று கூட்டல்களைச் செய்தது. ஒரு பெருக்கலுக்கு ஏறத்தாழ 6 நொடிகள் எடுத்துக்கொண்டது. அங்கு சென்றதும், நேர்மாறு டேன்ஜென்ட் சார்புக்கான இடைச்செருகல் கெழுக்களைக் கணக்கிடும் வேலை ஹோப்பருக்குத் தரப்பட்டது. ரிச்சர்ட் பிளாக், ராபர்ட் கேம்பல் ஆகியோர் அங்கு ஏற்கனவே பணியாற்றிய நிரலாளர்கள்.

மார்க் 1 கணினியில் நிரல் நினைவகத்தில் வைக்கப்படவில்லை. கட்டளைகள் ஒரு காகித நாடாவில் துளைகளாக இடப்பட்டன. நாடாவின் ஒவ்வொரு வரியிலும் 24 துளை இடங்கள் இருந்தன. எண்ணை எங்கிருந்து எடுப்பது, எங்கே சேர்ப்பது, என்ன செய்வது என்பதை அவை மூன்று பகுதிகளாகக் குறித்தன. ஒரே கணக்கீட்டைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டுமாயின் நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினர்.

பீரங்கிகளுக்கான குறி அட்டவணைகள் போன்ற போர்க்காலக் கணக்குகள் இக்கணினியில் செய்யப்பட்டன. கணக்கு தவறினால் அதைப் பயன்படுத்துபவரின் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதால், ஒவ்வொரு நிரலும் பிழையின்றி இருக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. 1944 இல் ஜான் வான் நியூமன் அணுகுண்டுத் திட்டம் தொடர்பான ஒரு கணக்குடன் இங்கு வந்தார். அக்கணக்கின் உண்மையான நோக்கம் அப்போது அங்கிருந்த நிரலாளர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை.

மார்க் 1 கணினியின் இயக்கக் கையேட்டை எழுதும் பொறுப்பை ஐக்கன் ஹோப்பரிடம் ஒப்படைத்தார். 561 பக்கங்கள் கொண்ட அந்நூல் 1946 இல் வெளியானது. கணினி ஒன்றை நிரல்படுத்துவது குறித்து விரிவாக எழுதப்பட்ட தொடக்ககால நூல்களுள் இதுவும் ஒன்று.

குறிப்பேடுகளும் நகலெடுத்தலும்

ஹார்வர்ட் நிரலாளர்கள் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்திருந்தனர். சைன், கோசைன், வர்க்கமூலம் போன்ற அடிக்கடி தேவைப்படும் கணக்கீடுகளுக்கான கட்டளைத் தொடர்களைச் சரிபார்த்து அதில் எழுதி வைத்தனர். புதிய நிரல் எழுதும்போது தம் குறிப்பேட்டிலிருந்தோ பிறருடைய குறிப்பேட்டிலிருந்தோ அத்தொடரைப் பார்த்து எழுதினர். துணைநிரல் நூலகத்தின் தொடக்க நிலை என இதைக் கருதலாம்.

இம்முறையில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, பார்த்து எழுதும்போது எழுத்தோ எண்ணோ மாறிவிடும். இரண்டாவது, துணைநிரலிலுள்ள இட எண்களைப் புதிய நிரலுக்கு ஏற்பக் கூட்டி மாற்ற வேண்டும். அக்கூட்டலில் தவறு நேரும். சரிபார்க்கப்பட்ட நிரலும் இவ்வாறு கை மாறும்போது கெட்டுப்போனது. நிரலாளர்களுக்குச் சரியாக நகலெடுக்கவும் வராது, கூட்டவும் வராது என்று ஹோப்பர் பிற்காலத்தில் நகைச்சுவையாகக் குறிப்பிடுவதுண்டு. நகலெடுப்பதும் கூட்டுவதும் கணினி மிக நன்றாகச் செய்யக்கூடிய வேலைகள் என்பதே இதிலிருந்து இவர் கண்ட முடிவு.

அந்துப்பூச்சி நிகழ்வு

போருக்குப் பின் மார்க் 2 கணினி கட்டப்பட்டது. 1947 செப்டம்பர் 9 அன்று அதன் ஓர் உணர்த்தியில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருந்ததைப் பணியாளர்கள் கண்டெடுத்து, நாட்குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். கணினிப் பிழையைப் பூச்சி எனப் பொருள்படும் பக் என்ற சொல்லால் அழைக்கும் வழக்கம் இதிலிருந்தே தோன்றியது என்றும், பூச்சியைக் கண்டெடுத்தவர் ஹோப்பர் என்றும் பரவலாகக் கூறப்படுகிறது. இவ்விரண்டும் சரியல்ல. பொறியாளர்களிடையே அச்சொல் 19 ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியது. பூச்சியைக் கண்டெடுத்தவரும் ஹோப்பர் அல்லர். இந்நிகழ்வைத் தம் உரைகளில் பலமுறை எடுத்துக்கூறிப் புகழ்பெறச் செய்தவர் அவர். அந்த நாட்குறிப்பேடு சுமித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

யூனிவாக் நிறுவனத்தில்

போர் முடிந்ததும் நிரந்தரக் கடற்படைப் பணிக்கு மாற ஹோப்பர் விண்ணப்பித்தார். 38 வயது ஆகிவிட்டதால் அது மறுக்கப்பட்டது. வாசர் கல்லூரி தர முன்வந்த பேராசிரியர் பதவியை ஏற்காமல் ஹார்வர்டிலேயே ஆய்வாளராகத் தொடர்ந்தார். 1949 இல் பிலடெல்பியாவிலிருந்த எக்கர்ட்-மாக்லி கணினி நிறுவனத்தில் முதுநிலைக் கணிதவியலாளராகச் சேர்ந்தார். 1950 இல் அந்நிறுவனத்தை ரெமிங்டன் ராண்ட் நிறுவனம் வாங்கியது.

அங்கு உருவான யூனிவாக் 1 கணினி 1951 இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியகத்திற்கு வழங்கப்பட்டது. பாதரச நினைவகத்தில் 12 எழுத்துகள் கொண்ட 1000 சொற்களை அது வைத்திருந்தது. நிரலும் தரவும் ஒரே நினைவகத்தில் இருந்தன. காந்த நாடாக்களிலிருந்து படிக்கவும் அவற்றில் எழுதவும் அதனால் முடிந்தது. எழுத்துகளை நகலெடுக்கவும் இட எண்களைக் கூட்டவும் வல்ல ஒரு கருவி இப்போது ஹோப்பரின் கைக்கு வந்தது.

அங்கு பணியாற்றிய பெட்டி ஹோல்பர்ட்டன், தரவுகளை வரிசைப்படுத்தும் நிரல்களைத் தானே எழுதித்தரும் நிரல் ஒன்றை 1951 இல் உருவாக்கியிருந்தார். நிரல் ஒன்று மற்றொரு நிரலை எழுத முடியும் என்பதை அது காட்டியது. தம் சிந்தனைக்கு ஹோல்பர்ட்டனின் பணி தூண்டுதலாக இருந்ததை ஹோப்பர் பலமுறை குறிப்பிட்டுள்ளார்.

ஏ-0 தொகுப்பி

1951, 1952 ஆம் ஆண்டுகளில் ஹோப்பர் ஏ-0 முறைமையை உருவாக்கினார். குறிப்பேடுகளில் சிதறிக் கிடந்த துணைநிரல்களைச் சேகரித்து, சரிபார்த்து, ஒரு காந்த நாடாவில் பதிவு செய்தார். ஒவ்வொரு துணைநிரலுக்கும் ஓர் அழைப்பெண் இடப்பட்டது. ஒரு கணக்கைச் செய்ய விரும்பும் நிரலாளர், தேவையான துணைநிரல்களின் அழைப்பெண்களையும், அவை எந்த எண்களை எடுத்து எங்கே விடையை இட வேண்டும் என்பதையும் வரிசையாக எழுதித் தந்தால் போதும். ஏ-0 அப்பட்டியலைப் படித்து, நூலக நாடாவிலிருந்து உரிய துணைநிரல்களைத் தேடி எடுத்து, இட எண்களை மாற்றி, அடுத்தடுத்து இணைத்து, இயங்கத்தக்க முழு நிரலை வேறொரு நாடாவில் எழுதியது.

இட எண் மாற்றம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு துணைநிரல் 0 முதல் 49 வரையிலான இடங்களில் இருப்பதாகக் கொண்டு எழுதப்பட்டது என்க. அதில் 17 ஆம் இடத்திற்குத் தாவும் கட்டளை ஒன்று உள்ளது. புதிய நிரலில் இது 300 ஆம் இடத்திலிருந்து தொடங்கினால், அக்கட்டளை 317 ஆம் இடத்திற்குத் தாவுவதாக மாற வேண்டும். இத்தகைய எண்கள் ஒரு நிரலில் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றுள் ஒன்றைத் தவறவிட்டாலும் நிரல் இயங்காது. அல்லது தவறான விடை தரும்.

பட்டியலை ஒரே ஒருமுறை படித்து வேலையை முடிக்குமாறு ஏ-0 அமைக்கப்பட்டது. இதில் ஒரு சிக்கல் எழுந்தது. ஏற்கனவே வைக்கப்பட்ட பகுதிக்குத் திரும்பித் தாவுவது எளிது, ஏனெனில் அதன் இட எண் தெரியும். இனிமேல் வரப்போகும் பகுதிக்கு முன்னோக்கித் தாவ வேண்டுமாயின் அது எங்கே வைக்கப்படும் என்பது தெரியாது. நினைவகத்தின் இறுதியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, அதை நடுநிலை மூலை எனப் பெயரிட்டு இச்சிக்கலை ஹோப்பர் தீர்த்தார். முன்னோக்கித் தாவும் கட்டளை முதலில் இம்மூலையிலுள்ள ஓர் இடத்திற்குச் செல்லும். உரிய பகுதி பின்னர் வைக்கப்படும்போது அதன் இட எண் அங்கே நிரப்பப்படும். கல்லூரியில் கூடைப்பந்து ஆடியபோது, பந்தை உடன் ஆடுபவரிடம் தந்துவிட்டு முன்னே ஓடி மீண்டும் பெற்றுக்கொண்ட முறையே இத்தீர்வுக்கு வழிகாட்டியது என அவர் கூறியுள்ளார்.

1952 மே மாதம் பிட்ஸ்பர்க் நகரில் கணிப்பொறிக் கழகம் நடத்திய கூட்டத்தில், கணினிக்குக் கல்வியூட்டுதல் எனப் பொருள்படும் தலைப்பில் ஹோப்பர் தம் கட்டுரையை அளித்தார். பலர் இதை நம்பவில்லை. கணினி எண்களைக் கணக்கிடும் கருவி மட்டுமே. அது நிரல் எழுதாது என்பது அன்றைய பொதுக் கருத்து. தேர்ந்த நிரலாளர்கள் கையால் எழுதிய நிரல்களைவிடக் கணினி தொகுத்த நிரல்கள் மெதுவாக இயங்கியதும் எதிர்ப்புக்கு ஒரு காரணம். கணினி நேரம் விலையுயர்ந்ததாக இருந்த அக்காலத்தில் இவ்வாதம் வலுவானது. நிரல் எழுதவும் பிழை திருத்தவும் செலவாகும் மனித உழைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது ஹோப்பரின் மறுமொழி.

ஏ-0 இன்றைய பொருளில் ஒரு தொகுப்பி அன்று. ஓர் உயர்நிலை மொழியை அது பொறிமொழியாக மாற்றவில்லை. நிரற்பகுதிகளைத் தேடி எடுத்து இணைத்தது. இன்று இணைப்பி, ஏற்றி என வழங்கப்படும் நிரல்களுக்கே அது நெருக்கமானது. எனினும் பல இடங்களிலிருந்து எடுத்து ஒன்றாகத் தொகுப்பது என்பதே அச்சொல்லின் முதற்பொருள். தமிழில் வழங்கும் தொகுப்பி என்னும் சொல்லிலும் அப்பொருள் தங்கியிருப்பதைக் காணலாம்.

துணைநிரல் நூலகம் என்ற கருத்தும் ஹோப்பருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினிக்காக மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகியோர் துளைநாடாக்களில் துணைநிரல் நூலகம் ஒன்றை அமைத்து, அது குறித்து 1951 இல் நூலும் வெளியிட்டிருந்தனர்.

மூலநிரல் பகிர்வு

ஏ-0 முறைமையைத் தொடர்ந்து ஏ-1, ஏ-2 ஆகியன உருவாயின. 1953 இன் இறுதிக்குள் ஏ-2 வாடிக்கையாளர்களுக்கு வழங்கப்பட்டது. அதன் மூலநிரலும் உடன் தரப்பட்டது. அதில் திருத்தங்களோ மேம்பாடுகளோ செய்தால் அவற்றை நிறுவனத்திற்குத் திருப்பி அனுப்புமாறு வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். இதனால் ஏ-2 முறைமையைத் திறந்த மூல மென்பொருளின் தொடக்ககால எடுத்துக்காட்டு எனச் சிலர் கருதுகின்றனர். திறந்த மூலம் என்ற பெயர் இதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தே தோன்றியது.

1954 இல் தன்னியக்க நிரலாக்கப் பிரிவுக்கு ஹோப்பர் இயக்குநரானார். அதே ஆண்டு மே மாதம் கடற்படை ஆய்வு அலுவலகம் வாஷிங்டனில் இத்துறை பற்றிய கருத்தரங்கை நடத்தியது. பல்வேறு நிறுவனங்களில் தனித்தனியே நடந்த முயற்சிகள் அங்கு ஒன்றாக விவாதிக்கப்பட்டன.

புளோ-மேட்டிக்

வணிக நிறுவனங்களில் கணக்கு எழுதுவோருக்குக் கணிதக் குறியீடுகளைவிடச் சொற்களே எளிதானவை என்று ஹோப்பர் கருதினார். ஆங்கிலச் சொற்களால் கட்டளை எழுதும் மொழி ஒன்றை 1953 இல் முன்மொழிந்தார். கணினிக்கு ஆங்கிலம் புரியாது என்று கூறி நிறுவன மேலாளர்கள் தயங்கினர்.

1955 இன் தொடக்கத்தில் ஹோப்பரின் குழு ஒரு சிறு மாதிரியைச் செய்துகாட்டியது. ஆங்கிலச் சொற்கள் கணினிக்கு வெறும் எழுத்துக்கோவைகளே என்பதை விளக்க, அதே நிரலைப் பிரெஞ்சு, செருமன் ஆகிய மொழிகளின் சொற்களாலும் எழுதி இயக்கிக் காட்டினர். இது எதிர்மாறான விளைவைத் தந்தது. பிலடெல்பியாவில் செய்யப்பட்ட ஓர் அமெரிக்கக் கணினிக்குப் பிரெஞ்சும் செருமனும் எப்படித் தெரியும் என மேலாளர்கள் திகைத்தனர். பிற மொழிகளைக் கைவிட்டு ஆங்கிலத்தில் மட்டுமே செய்வதாக உறுதியளித்த பின்னரே பணி தொடர்ந்தது.

இவ்வாறு பி-0 என்ற பெயரில் தொடங்கி, புளோ-மேட்டிக் என வழங்கிய மொழி 1958 இல் பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. தரவுகளின் விவரிப்பையும் அவற்றின் மீது செய்யும் செயல்களையும் தனித்தனியே எழுதும் முறை இம்மொழியின் முக்கியப் பண்பாகும்.

கோபோல்

1950களின் இறுதியில் ஒவ்வொரு கணினி நிறுவனமும் தனக்கெனத் தனி மொழியை வைத்திருந்தது. ஒரு நிறுவனத்தின் கணினிக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் இயங்காது. கணினியை மாற்றினால் நிரல்கள் அனைத்தையும் மீண்டும் எழுத வேண்டும். பல நிறுவனங்களின் கணினிகளை வைத்திருந்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு இது பெரும் சுமையாயிற்று.

பரோஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மேரி ஹாஸ் என்பவரின் முயற்சியால் 1959 ஏப்ரல் 8 அன்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. ஹோப்பரும் அதில் கலந்துகொண்டார். அதன் தொடர்ச்சியாக மே 28, 29 ஆகிய நாட்களில் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் பென்டகனில் பெரிய கூட்டம் நடைபெற்றது. அங்கு உருவான கோடாசில் என்ற அமைப்பே கோபோல் மொழியை வடிவமைத்தது. அதன் செயற்குழுவுக்குத் தொழில்நுட்ப ஆலோசகர்களாக இருந்தவர்களுள் ஹோப்பரும் ஒருவர்.

1960 டிசம்பர் 6, 7 ஆகிய நாட்களில், ஒரே கோபோல் நிரல் சிறு மாற்றங்களுடன் ஆர்சிஏ நிறுவனக் கணினியிலும் யூனிவாக் கணினியிலும் இயக்கிக் காட்டப்பட்டது. நிரல் ஒரு குறிப்பிட்ட பொறிக்கு மட்டும் உரியதன்று என்பதை இது மெய்ப்பித்தது.

ஹோப்பரைக் கோபோலின் தாய் என்று அழைப்பது வழக்கம். ஆனால் மொழியின் வடிவமைப்பைச் செய்தது ஒரு குழு. ஹோப்பர் அக்குழுவில் நேரடியாக இடம்பெறவில்லை. அக்குழுவில் பணியாற்றிய ஜீன் சாமெட் இதைச் சுட்டிக்காட்டியுள்ளார். அதேவேளை, புளோ-மேட்டிக் மொழியே கோபோலுக்கு முதன்மை முன்மாதிரியாக இருந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

மீண்டும் கடற்படையில்

60 வயது நிறைந்ததால் 1966 இன் இறுதியில் ஹோப்பர் கடற்படைச் சேமப் படையிலிருந்து கமாண்டர் தகுதியுடன் ஓய்வு பெற்றார். ஆனால் 1967 ஆகஸ்டில் ஆறு மாதப் பணிக்கென மீண்டும் அழைக்கப்பட்டார். கடற்படையின் வெவ்வேறு பிரிவுகளில் கோபோல் வெவ்வேறு வகையாகப் பயன்பட்டு வந்தது. அதை ஒழுங்குபடுத்துவதே இவருக்கு இடப்பட்ட பணி. அந்த ஆறு மாதம் காலவரையறையின்றி நீண்டது. 1971 இல் மீண்டும் ஓய்வு பெற்று, 1972 இல் மீண்டும் அழைக்கப்பட்டார். 1973 இல் கேப்டன் ஆனார்.

தரநிலை ஒன்றை எழுதி வைப்பது மட்டும் போதாது. ஒரு தொகுப்பி அதைப் பின்பற்றுகிறதா என்பதைச் சோதித்து அறிய வேண்டும் என்பது இவரது நிலைப்பாடு. இதற்காக இவரது குழு தேர்வு நிரல்களின் தொகுதி ஒன்றை உருவாக்கியது. நிறுவனம் ஒன்று தரும் கோபோல் தொகுப்பியில் அத்தொகுதியை இயக்கினால், எந்தக் கூறுகள் தரநிலைப்படி இயங்குகின்றன, எவை இயங்கவில்லை என்பது தெரியவரும். விற்பனையாளரின் சொல்லை நம்ப வேண்டிய தேவை இதனால் நீங்கியது. 1970களில் இச்சோதனை முறை அமெரிக்க நடுவண் அரசின் பிற துறைகளுக்கும் விரிவடைந்தது.

1983 இல் குடியரசுத் தலைவர் ரீகனின் சிறப்பு நியமனத்தால் கொமடோர் ஆனார். அப்பதவியின் பெயர் 1985 இல் ரியர் அட்மிரல் என மாற்றப்பட்டது. 1986 ஆகஸ்ட் 14 அன்று, பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற கான்ஸ்டிட்யூஷன் என்ற பழம்பெரும் போர்க்கப்பலில் நடந்த விழாவில் ஓய்வு பெற்றார். அப்போது 79 வயதான இவரே பணியிலிருந்த கடற்படை அதிகாரிகளுள் மூத்தவர்.

விரிவுரைகள்

ஹோப்பர் சிறந்த பேச்சாளர். ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கூட்டங்களுக்குக் கொண்டு சென்று கேட்போருக்கு வழங்குவார். ஒரு நானோ நொடியில் ஒளி செல்லும் தொலைவு அதுவே. ஒரு மைக்ரோ நொடியைக் காட்டச் சுமார் 300 மீட்டர் நீளமுள்ள கம்பிச் சுருளை எடுத்துக் காட்டுவார். நிரலில் வீணாகும் நேரத்தைக் கண்ணால் காணச் செய்வதே இதன் நோக்கம். எப்போதும் இப்படித்தான் செய்து வந்தோம் என்ற மனப்போக்கை இவர் கடுமையாகச் சாடினார். அதன் அடையாளமாகத் தம் அலுவலகச் சுவரில் இடஞ்சுழியாக ஓடும் கடிகாரம் ஒன்றை மாட்டி வைத்திருந்தார். தேசியப் பாதுகாப்பு முகமையில் 1982 இல் இவர் ஆற்றிய விரிவுரையின் பதிவு 2024 இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது.

இறுதிக் காலமும் சிறப்புகளும்

கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற பின் டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்தில் முதுநிலை ஆலோசகராகப் பணியாற்றினார். 1992 ஜனவரி 1 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில் தமது 85 ஆம் வயதில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் முழுப் படை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

1973 இல் பிரித்தானியக் கணினிக் கழகத்தின் சிறப்புறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அத்தகுதியைப் பெற்ற முதல் அமெரிக்கரும் முதல் பெண்ணும் இவரே. 1991 இல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது. 2016 இல், இறப்பிற்குப் பின், குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் வழங்கப்பட்டது. இளம் கணினி அறிஞர்களுக்காகக் கணிப்பொறிக் கழகம் இவர் பெயரில் நிறுவிய விருதை 1971 இல் முதன்முதலாகப் பெற்றவர் டொனால்ட் நூத். 1997 இல் சேவையில் சேர்ந்த ஹோப்பர் என்னும் போர்க்கப்பல் இவரது பெயர் தாங்கியது. யேல் பல்கலைக்கழகம் தன் உறைவிடக் கல்லூரி ஒன்றுக்கு 2017 இல் இவரது பெயரைச் சூட்டியது.

பிற்கால நிரலாக்க நடைமுறையில் தாக்கம்

இன்று ஒரு நிரலாளர் கட்டளை வரியில் ஒரு சொற்றொடரைத் தட்டச்சு செய்து, தொலைவிலுள்ள களஞ்சியம் ஒன்றிலிருந்து மூலநிரலைப் பெறுகிறார். மற்றொரு கட்டளையால் அதைத் தொகுத்து, சோதித்து, பயன்பாட்டிற்கு அனுப்புகிறார். இக்கருவிகளை ஹோப்பர் உருவாக்கவில்லை. நிரலின் அடுத்தடுத்த பதிப்புகளைக் காக்கும் எஸ்சிசிஎஸ் என்ற முறைமை 1972 இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்டால் உருவாக்கப்பட்டது. ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக்கும் குழாய் முறை, டக் மெக்கில்ராயின் கருத்தைப் பின்பற்றி 1973 இல் யூனிக்சில் சேர்க்கப்பட்டது. மாறிய பகுதிகளை மட்டும் மீண்டும் தொகுக்கும் மேக் என்ற கருவியை 1976 இல் ஸ்டூவர்ட் பெல்ட்மன் எழுதினார். 2005 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட், களஞ்சிய மேலாண்மைக்கு மிகப் பரவலாகப் பயன்படும் கருவியாயிற்று.

ஆயினும் இவற்றின் பின்னுள்ள எண்ணங்கள் பல ஹோப்பரின் பணியில் முன்னரே காணப்படுகின்றன. சரிபார்த்த நிரலை நூலகத்தில் வைத்து எண்ணால் அழைத்தது ஏ-0. மூலநிரலைப் பகிர்ந்து திருத்தங்களைத் திரும்பப் பெற்றது ஏ-2. வேறு கணினிக்கு நிரலைக் கொண்டு செல்ல வழி செய்தது கோபோல். சொல்லை நம்பாமல் தேர்வு நிரல்களை இயக்கிப் பார்த்தது கடற்படைக் குழுவின் முறை. இவை நான்கும் ஹார்வர்டில் கையெழுத்துக் குறிப்பேடுகளிலிருந்து நகலெடுத்தபோது நேர்ந்த பிழைகளுக்கு ஹோப்பர் தேடிய விடையின் தொடர்ச்சி எனக் கருதத்தக்கவை.